கைகளுக்கு ஒரு மேஸ்திரி

திருப்புளியை எடுப்பதற்கு முன் அவள் தன் வலது கையைப் பார்ப்பாள். கை மேசை விளிம்பில் விரல்களைச் சுருட்டிக்கொண்டு தூங்கும் பூனை மாதிரி கிடக்கும். அங்கேதான் இருக்கிறதா என்று கண்ணால் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பிறகு மெல்லக் கிளப்புவாள். கை எழும், கண்ணும் கூடவே எழும். திருப்புளிக்கு நேர் மேலே வந்ததும் விரல்கள் விரியும், இறங்கும், பிடிக்கும். பிடித்தாயிற்று என்று கண் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூச்சை விடுவாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை அது. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் இயந்திரம் ஒரு மூலையில் தண்ணீரைச் சிதறிக்கொண்டு சுற்றும். பிளாஸ்டிக் பிரேமை இளக்குவதற்குச் சூடான காற்றை ஊதும் பெட்டி ஒன்று. கழுத்தை எந்தப் பக்கமும் வளைக்கக்கூடிய விளக்கு. ஒரு வெள்ளைத் தட்டில், குருணையை விடச் சின்னதாக ஸ்க்ரூக்கள். அந்த ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்து, கண்ணாடியின் காது மடியும் இடத்தில் நிறுத்தி, திருகுவது அவள் வேலை. தும்பைப் பூவை எடுத்து வைப்பது மாதிரி எடுத்து வைப்பாள். ஆனால் அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டால் பதில் வராது. கேட்டவருக்கு டீ ஆறிய பிறகு, "ம், சொல்லுங்க" என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி இதைக் கொஞ்ச நாள் பார்த்தார். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "கையால வேலை செய்யறவங்களைப் பாத்திருக்கேன். கைகிட்ட வேலை வாங்கறவங்களை இப்பதான் பாக்கறேன்" என்றார். "பக்கத்துலயே நின்னு, கண்ணை இந்தண்டை அந்தண்டை எடுக்காம... நீ வேலையாளே இல்லம்மா, மேஸ்திரி!" அதிலிருந்து கடையில் எல்லோருக்கும் அவள் மேஸ்திரிதான். வாடிக்கையாளர்கள்கூட, "உள்ள மேஸ்திரி இருக்காங்களா? காது உறுத்துது, கொஞ்சம் வளைச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்று கேட்கிற அளவுக்குப் பெயர் ஊன்றிவிட்டது.

அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. உண்மையைத்தானே சொல்கிறார்கள்.

இருபது சொச்சம் வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் மாதிரிதான் வந்தது, போயிற்று. அது போன மறுநாள் காலை கண் விழித்தபோது படுக்கையில் தான் இல்லாதது போல இருந்தது. தலை இருந்தது. தலையணை காதில் உறுத்தியது. ஆனால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. காற்றில் தலை மட்டும் மிதந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு கை எங்கிருந்தோ வந்து அவள் முகத்திலேயே அறைந்தது. யாருடைய கை என்று திடுக்கிட்டுப் பார்த்தால், அவளுடையதுதான்.

ஆஸ்பத்திரியில் யார் யாரோ வந்து சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்கள், பஞ்சால் தடவினார்கள், ஊசியால் குத்தினார்கள். தட்டியதும் தடவியதும் தெரியவில்லை. குத்தியபோது மட்டும் வீறிட்டாள். அவளிடம் நின்று பேசியவர் ஒரு டாக்டரம்மாதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"உடம்புலேந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோற நரம்பு ரெண்டு மாதிரி இருக்கும்மா. ஒண்ணு தடிமன். அது ஓட்டமா ஓடும். தொட்டது, அழுத்தினது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கு, தசை எவ்வளவு இழுத்துக்கிட்டு இருக்கு, எல்லாம் அது சொல்லும். இன்னொண்ணு மெல்லிசு. அது நிதானமா நடந்து போகும். சூடு, குளிர், வலி இதெல்லாம் அதோட பாடு. உங்களுக்கு அந்தத் தடிமனானது போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

"காய்ச்சலை விரட்ட வந்த காவல்காரங்க, ஆள் தெரியாம வீட்டுக்காரங்களையே அடிச்சுட்டாங்கன்னு வெச்சுக்கங்க. எப்பவோ யாருக்கோ அப்படி ஆகும்."

"ஆனா கை ஆடுதே டாக்டரம்மா?"

"ஆடும். மூளை கைக்குச் சொல்றது வேற வழி. அந்த வழி நல்லா இருக்கு. கை மூளைக்குச் சொல்ற வழிதான் இல்ல."

"முகத்துல மட்டும் எல்லாம் தெரியுதே?"

"முகத்துக்குத் தனி வழி. அது முதுகுத்தண்டுக்குள்ள போகாம நேரா மூளைக்குப் போயிடும். அது தப்பிச்சுது."

இந்தப் பேச்சை அவள் பலநாள் அசைபோட்டாள். கடைசியில் தனக்குப் புரிகிற மாதிரி ஒன்று அமைத்துக்கொண்டாள். இப்போதும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வாள். "வெளியூர் போன பிள்ளை மாதிரிங்க என் கை. போடான்னா போயிடுவான். போய்ச் சேந்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நாமதான் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

எட்டிப் பார்க்கிற அந்த வேலையைக் கண் ஏற்றுக்கொண்டது. வயிற்றைப் பார்த்து, வயிறே மடங்கு என்று நினைத்து, உட்காரப் பழகவே நெடுநாள் ஆயிற்று. அப்புறம் முழங்கால், பாதம், ஒவ்வொன்றாக. குழந்தை தத்தித் தத்தி நடக்கக் கற்றுக்கொண்ட பிறகு நடையை மறந்துவிடுகிறது, கால் தன்பாட்டுக்குப் போகிறது. அவளுக்கு அந்த மறதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் இன்றைக்கும் நினைத்துத்தான் வைக்கிறாள். சாயங்காலம் கடையிலிருந்து அறைக்குத் திரும்பும்போது மூட்டை தூக்கினவள் மாதிரி களைத்திருப்பாள். களைப்பு உடம்பில் இல்லை, நினைப்பில்.

தெருவில் குனிந்த தலை நிமிராமல் போவாள். யாராவது எதிரே வந்து விசாரித்தால் நின்றுகொண்டுதான் பதில் சொல்வாள். நடந்துகொண்டே பேச முடியாது. இதனால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள் தலைக்கனம் பிடித்தவள். மீதிப் பாதிக்கு அவளைப் போல அடக்கமானவள் உலகத்தில் கிடையாது. எதிர் மாடிக்காரம்மா தன் மகளிடம், "அவங்களைப் பாரு, நிமிந்து ஒரு பார்வை உண்டா? நீயும் இருக்கியே, வானத்துல பறக்கற காக்காயை எண்ணிக்கிட்டு!" என்று சொன்னது மேஸ்திரியின் காதிலேயே விழுந்தது. அவள் படியின் கைப்பிடியைப் பிடித்து நின்று, பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகு சிரித்தாள். "அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. தலை நிமிந்தா கால் காணாமப் போயிடும்." மாடிக்காரம்மா அதையும் அடக்கத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

நகங்களில் பளீரென்று ஆரஞ்சு நிறச் சாயம் பூசியிருப்பாள். நாற்பதைத் தாண்டிய, வேறு எந்த அலங்காரமும் இல்லாத பெண்ணின் கைகளில் அது ஒட்டாமல் நிற்கும். கடைக்கண்ணில் பட்டால் போதும், விரல் இன்ன இடத்தில் என்று தெரிந்துவிடும், அதற்காகத்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பாள். பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பின்னிக்கொள்ள அவளால் முடியாது. பேருந்தில் முன்சீட்டுப் பெண் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே அவிழ்ந்த பின்னலைத் திரும்பப் போட்டுவிடுவதைக் கண்டால் மேஸ்திரி வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதைப் பார்ப்பது மாதிரி. ஒருநாள் முதலாளி போனில் யாரையோ திட்டிக்கொண்டே சட்டைப் பொத்தானை மாட்டினார். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, "எப்படிங்க அது? கண்ணு எங்கேயோ இருக்கு, வாய் சண்டையில இருக்கு, பொத்தானை யாரு போட்டா?" என்று கேட்டாள். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "அட, ஆமா. யாரு போட்டா?" என்றார். பாவம், அன்றைக்குப் பூராவும் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உடம்பில் வருகிற செய்திகளுக்கு ஒரு விசித்திர ஒழுங்கு உண்டு. எறும்பு ஊர்ந்தால் தெரியாது, கடித்தால் தெரியும். மழை நனைத்தது தெரியாது, குளிர்ந்தது தெரியும். நாற்காலிக் காலில் விரலை இடித்துக்கொண்டால் நமக்கு முதலில் இடித்தது தெரிகிறது. 'ஐயோ, இப்ப வலிக்கப்போகுது' என்று நினைக்கிற நேரம் கழித்து வலி வருகிறது. வேகமான செய்தி முதலில், மெதுவானது பின்னால். அவளுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. நேராக வலிதான். "எங்க இடிச்சேன்னு அப்புறம் தேடணும். வீட்டுக்குத் திருடன் வந்து போனப்புறம் கதவு திறந்திருக்கான்னு பாக்கற மாதிரி."

தேய்த்த லென்ஸின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்க, மற்றவர்கள் விரலால் தடவுவார்கள். அவள் அதைத் துடைத்துத் தாடைக்குக் கொண்டுபோவாள். கண்ணாடி கொடுக்க வந்த ஒருவர் கதவிடுக்கில் இதைப் பார்த்துவிட்டு, "முத்தம் குடுக்கறாங்களா என்ன?" என்று முதலாளியிடம் கேட்டாராம். "எங்க கடைல ஒவ்வொரு கண்ணாடிக்கும் உண்டு, தனியா காசு வாங்கறதில்ல" என்றாராம் அவர்.

அவளுக்கு எதிரிகள் மூன்று பேர். ஒன்று, இருட்டு. படுக்கும்போதும் விளக்கெரியும். மின்சாரம் போனால், அடுத்த கணமே ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவது மாதிரி நின்ற இடத்தில் சரிந்துவிடுவாள். இரண்டு, தலைக்குத் தேய்க்கும் சோப்பு. நுரை கண்ணில் பட்டால் கண் மூடும். கண் மூடினால் ஆள் விழும். ஆகையால் குளியலறைத் தரையிலேயே, சுவர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்து தலைக்குக் குளிப்பாள். இவை இரண்டும் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வரும், தடுக்கலாம். மூன்றாவது எதிரி சொல்லாமல் வரும். தும்மல்.

அந்தத் தும்மல்தான் அவளைத் தங்கை வீட்டில் குற்றவாளியாக நிறுத்தியது.

தங்கை சின்னவள், பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை, உறவுக்காரர் வீட்டில் இருந்தாள். அக்கா நடந்து வந்து நின்றபோது, "சரியாப் போச்சுடி" என்று பெரியவர்கள் சொன்னதை நம்பினாள். நம்புவதற்கு என்ன, நடக்கிறாள், வேலைக்குப் போகிறாள், ஊசியில் நூல்கூடக் கோர்க்கிறாள். மேஸ்திரியும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்த ஒன்றிரண்டு இடங்களில், கேட்டவர்கள் உடனே தங்கள் கண்ணை மூடிக்கொண்டு, கையை ஆட்டி, "தெரியுதே?" என்றார்கள். 'எனக்குத் தெரிகிறது, உனக்கு ஏன் தெரியாது' என்கிற மாதிரி. காலொடிந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம். இதை எதைப் போட்டுக் காட்டுவது?

தங்கைக்கு நெடுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேஸ்திரி போய்ப் பார்த்தாள். குழந்தையைத் தூக்க அவளால் முடியாது என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் தொட்டில் மாதிரி அமைத்து, கண்ணை அதன்மேலேயே நிறுத்தினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கண் கையை விட்டு நகரக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே அவள் கைகளையே பார்த்தாள். குழந்தையின் தலையைத் தாங்கும் இடது மணிக்கட்டு, முதுகுக்குக் கீழே வலது உள்ளங்கை, பத்து ஆரஞ்சு நகங்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்தால் கை போய்விடும். கையைப் பார்த்தால் முகம் கிடையாது.

முதல் ஓரிரண்டு மாதம் இது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. குழந்தைக்கு முகம் பார்க்கிற வயது வந்தது. யார் தூக்கினாலும் அவர்கள் கண்ணைத் தேடிப் பிடித்துச் சிரிக்க ஆரம்பித்தது. பெரியம்மா தூக்கினால் மட்டும் அது தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல், விளக்கைப் பார்க்கப் போய்விடும். "அவளுக்கு என் உச்சந்தலைதான் தெரியும்" என்று மேஸ்திரி முதலாளியிடம் ஒருதரம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதை முதலில் கவனித்தது தங்கையின் நாத்தனார். பேக்கரி ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவர். செல்லாத நோட்டையும் ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பையும் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். "என்ன பெரியம்மா, குழந்தையைப் பாக்க வந்தீங்களா, நகச்சாயத்தைப் பாக்க வந்தீங்களா?" என்றார் ஒருநாள். அப்புறம் அடுக்களையில் தங்கையிடம், காது கேட்கிற தூரத்தில், "சிலருக்குப் பாசம் வராதும்மா. வராததை வா வான்னா வருமா? நம்ம ஏன் அவங்களைப் படுத்தணும்?" என்றார். அதில் ஒரு கருணையும் இருந்தது. அதுதான் மேஸ்திரியை ரொம்பச் சுட்டது.

அன்று குழந்தையைக் குளிப்பாட்டி, மேஸ்திரியின் மடியில் வைத்து, நாத்தனார்தான் பவுடர் போட்டார். டப்பாவைத் தட்டினார். வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. மேஸ்திரிக்கு மூக்கு நமநமத்தது. "எடுங்க, குழந்தையை எடுங்க" என்பதற்குள் தும்மல் வந்துவிட்டது.

கண் மூடித் திறக்கிற நேரம்தான். திறந்து பார்த்தபோது இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அவள் மடியில் வழுக்கி முழங்காலுக்கும் எதிரே இருந்த கட்டில் மெத்தைக்கும் நடுவில் கவிழ்ந்திருந்தது. அடியில்லை. பயத்தில்கூட இல்லை, நாத்தனாரின் கூச்சலில்தான் அழத் தொடங்கியது. "ஐயையோ, கையை விட்டுட்டாங்க! ஒரு தும்மலுக்குக் குழந்தையைப் போட்டுட்டுக் கையை எடுப்பாங்களா யாராவது? மூக்கைப் பொத்தறதுக்கு எடுத்தீங்களா?"

மேஸ்திரி தொங்கிய கையைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் எடுத்ததா, நழுவியதா, அது என்ன செய்தது என்று அவளுக்கே தெரியாதே. தங்கை குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு தங்கை வீட்டில் குழந்தையை அவளிடம் யாரும் நீட்டவில்லை. "இப்பதான் தூங்கினா", "பால் குடிக்கற நேரம்". ஒருவாரம் போயிற்று, இன்னொரு வாரம் போயிற்று. கடையில் மேஸ்திரி ஒரு பிரேமுக்கு இடது வலது மாற்றி லென்ஸ் போட்டாள். முதலாளி அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, போகாமல் நின்றார். அவள் தங்கை வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்றே. அங்க போய்ச் சொல்றதுக்கென்ன?" என்றார்.

"நம்ப மாட்டாங்க."

"நானும் முதல்ல நம்பலை. அப்புறம் பொத்தானைக் கேட்டியே, அன்னிக்குத்தான் நம்பினேன்."

விடுமுறை நாள் மதியம் போனாள். தங்கை டீ போட்டு மூன்று கோப்பைகளில் கொண்டுவந்து, பக்கத்துச் சின்ன மேசையில் வைத்தாள். நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார், உட்காரவில்லை. மேஸ்திரி கைவைத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"ஏய், ஒரு துண்டு எடுத்து என் கண்ணைக் கட்டு."

"எதுக்குக்கா?"

"கட்டுடி, சொல்றேன்."

"கண்ணாமூச்சி விளையாடற வயசா?" என்றார் நாத்தனார்.

தங்கை குழந்தையின் துண்டால் கட்டினாள். "இப்ப என் வலது கையைப் பிடிச்சு எங்க வேணும்னாலும் கொண்டுபோய் வை. எங்க இருக்குன்னு கேளு."

தங்கை அந்தக் கையை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். "எங்க இருக்கு?"

"மடியில. நீ இன்னும் எடுக்கவே இல்லையே?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் டீச்சருக்குக் கைதூக்குகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டு, அக்கா இவ்வளவு நிச்சயமாக மடியில் என்கிறாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "இப்ப?"

"எடுடி, எவ்வளவு நேரம் காத்திருக்கறது?"

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நடிப்பு" என்றார் நாத்தனார். குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்து, மேஸ்திரியின் புறங்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார்.

"ஆ!"

"பாத்தியா? தெரியுதே!"

"கிள்ளினா தெரியும். தடவினா தெரியாது. தடவிப் பாருங்க."

நாத்தனார் தடவினார். உள்ளங்கையில், விரல் இடுக்கில், குழந்தைகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது மாதிரி. முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டு போனார். மேஸ்திரி துண்டுக்குள் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். "ம்? தடவுங்க. ஆரம்பிக்கலையா?"

நாத்தனாரின் கை நின்றது. மெல்ல ஒரு விரலை எடுத்து மேஸ்திரியின் கன்னத்தில் வைத்தார்.

"ஆங், இது தெரியுது" என்றாள் மேஸ்திரி. "விரல் நுனி சொரசொரன்னு இருக்கு. கல்லாவுல காகிதம் எண்ணி எண்ணிக் காஞ்சு போயிருக்கு. கழுத்துக்கு மேல எல்லாம் வரும். கீழதான் இல்ல. பாசம் இல்லாம இல்லங்க அன்னிக்கு. கண்ணு மூடிப்போச்சு, கை போயிடுச்சு."

தங்கை துண்டை அவிழ்த்தாள். "இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லலை பாரு" என்று அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வைத்துவிட்டு, "இது தெரிஞ்சுதா?" என்றாள்.

"வலிச்சுது."

"வலிக்கட்டும்."

பிறகு அலமாரியைத் திறந்து நீளமான பழைய துப்பட்டா ஒன்றை உருவினாள். குழந்தையை அக்காவின் மார்போடு, முகம் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, துணியை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றினாள். தோளுக்கு மேலே ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. "முடிச்சு நல்லாப் போடு. இன்னொரு முடிச்சுப் போடு" என்றார் நாத்தனார். போட்ட முடிச்சைத் தானே வந்து இழுத்தும் பார்த்தார். இரண்டு பக்கமும் தலையணை வைத்தார்கள்.

மேஸ்திரி தன் கைகளை நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ பாக்காதேக்கா. இவளைப் பாரு."

"கை எங்கேயாவது போயிடும்டி."

"போனா போகட்டும். நாங்க இருக்கோம். துணி பிடிச்சுக்கும்."

வலது கையை ஒரு தரம் பார்த்தாள். இடது கையை ஒரு தரம். ரயிலில் ஏறுகிறவர்கள் மூட்டையைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு தலையை நிமிர்த்தினாள்.

குழந்தைக்கு ஒரு பக்கப் புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது. கண்ணுக்குள் விளக்கு தெரிந்தது. மேல் உதட்டில் பால் குடித்த கொப்புளம் வெள்ளையாக உரிந்திருந்தது. இத்தனை நாள் தேடிக் கிடைக்காத ஒன்று திடீரென்று எதிரில் வந்துவிட்ட திகைப்பில் அது அசையாமல் பார்த்தது. பிறகு ஒரு சத்தம் போட்டுச் சிரித்து, ஈரமான கையை நீட்டி, பெரியம்மாவின் கீழுதட்டைக் கொத்தாகப் பிடித்தது. பிடித்து இழுத்தது. ஐந்து விரலும் தெரிந்தது அவளுக்கு. நகம் கீறியதும், எச்சில் பிசுபிசுத்ததும், விட்டுவிட்டு மறுபடி பிடித்ததும், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. "அழுத்தமாப் பிடிக்கறாடி" என்று சொல்லப் பார்த்தாள். உதடு குழந்தையிடம் இருந்ததால் சொல் குழறிற்று.

பார்ப்பவர் இல்லாத கைகள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. முதலில் வலது கை கைப்பிடியிலிருந்து மெல்ல எழுந்தது. தண்ணீருக்குள் கிடக்கும் பாசி மாதிரி, விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன, சுருண்டன. அது யாருடைய கட்டளைக்கும் இல்லாமல், எதையோ தேடுவது போல, பக்கத்து மேசையை நோக்கி மிதந்துகொண்டு போயிற்று. தங்கை சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் அவளைக் கண்ணால் அடக்கினார். மேஸ்திரி குழந்தையிடமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

நாத்தனார் சத்தம் வராமல் இரண்டு எட்டு வைத்து வந்தார். இன்னும் முழுக்க ஆறாத டீக்கோப்பையை அந்தக் கை வருகிற வழியிலிருந்து எடுத்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.